சங்கிலிமுத்துவின் நாற்பத்திரண்டு டிக்

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, பழங்காலத்துக் கார் இன்ஜின்களைப் பிரித்து மாட்டித் தருகிற சங்கிலிமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. தான் கை வைத்த இன்ஜின் எதுவும் கொட்டகைக்குள் இருக்கும்வரை மக்கர் செய்ததில்லை என்று அவர் சொல்வார். அது சத்தியமான வார்த்தை. மக்கர் எல்லாம் வெளியே போன பிறகுதான்.

ஒரு டாக்டரின் காருக்குப் பிஸ்டன் ரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டார். வண்டி விருதுநகர் வரைக்கும் புகைந்துகொண்டே போனது. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து வழியில் இரண்டு தெருக்காரர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு காருக்கு டைமிங் செயினில் ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டார். அது பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரும்போது பதினோரு தடவை வெடித்தது. வேறு ஊராக இருந்தால் கூட்டம் கூடியிருக்கும். சிவகாசியில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவனோ சாம்பிள் போட்டுப் பார்க்கிறான் என்று டீயைக் குடித்தார்கள். இப்படி ஒரு மெக்கானிக்குக் கடவுள் இடம் பார்த்துக் கொடுப்பது அபூர்வம்.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பழைய கார்ப் பிரியர். "என்னென்ன செக் பண்ணுனீங்கன்னு எழுத்துல இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது மனைவி சோலையம்மாள்தான் வழி சொன்னாள். அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள். தினமும் காலையில் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், தண்ணீர் வாளி நிறைந்திருக்கிறதா, மணல் வாளி இருக்கிறதா, அறைக்கு எத்தனை ஆள் என்று பார்த்து டிக் போடுவது அவள் பொறுப்பு. வாளியில் கை விட்டுப் பார்க்காமல் டிக் போட மாட்டாள் என்று அவளுக்குக் கெட்ட பெயர்.

அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். மொத்தம் நாற்பத்திரண்டு இனங்கள். அடுத்து வந்த இன்ஜினுக்கு ஒவ்வொன்றையும் உண்மையாகவே எண்ணி, அளந்து, தடவிப் பார்த்து, டிக் போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டார். அவருடைய வாழ்க்கையில் தரக்கட்டுப்பாடு நடந்தது அந்த ஒரு நாள்தான். அந்தத் தாளையே மாதிரியாகக் கொண்டுபோய், விக்னேஷ்வரனின் அச்சகத்தில் கொடுத்து, "இதே மாதிரி அடிச்சுக் குடு தம்பி" என்றார்.

சிவகாசி அச்சகம் சொன்னதைச் செய்யும். பளபளவென்ற தாளில், நான்கு கலரில், ஆயிரம் பிரதி வந்தது. நாற்பத்திரண்டு இனங்கள், நாற்பத்திரண்டு டிக், அடியில் சங்கிலிமுத்துவின் கையெழுத்து. எல்லாமே அச்சில்.

"ஏலே, டிக்கையுமா அடிப்பாக?"

"இதே மாதிரின்னுதான்ண்ணே சொன்னீக. பச்சைக் கலர்ல எம்புட்டு எடுப்பா இருக்கு பாருங்க."

முதல் ஒரு வாரம் கோபமாக இருந்தார். இரண்டாவது வாரம், எண்ணிப் பார்த்த பிறகுதான் தாளைக் கொடுப்பது என்று முடிவு செய்தார். மூன்றாவது வாரம் வேலை நெருக்கடி. அதன் பிறகு, ஏற்கெனவே டிக் விழுந்துவிட்ட ஒன்றைப் போய் மறுபடி எண்ணுவது தன்னையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது.

இப்படியே ஒரு வருடம் ஓடிய பிறகுதான் முதலாளி அழகுராஜாவின் கார் வந்தது. சோலையம்மாள் வேலை பார்க்கிற ஆலைக்கு அவர்தான் முதலாளி. கொட்டகை நிற்கிற இடமும் அவருடையது. வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அவருடைய அப்பா ஓட்டிய ஐம்பத்தாறாம் வருஷத்துக் கறுப்புக் காரைச் சங்கிலிமுத்து பார்த்துக்கொள்ள வேண்டும். "அப்பா வண்டி நடு ரோட்டுல நின்னுச்சுன்னா, அன்னைக்கே தகரத்தப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிரணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னவற்றில் நடக்காதது எதுவுமில்லை.

இரண்டு மாதம் வேலை நடந்தது. காரை அனுப்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சோலையம்மாள் துணி ஊற வைக்கும்போது காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எஃகு வளையத்தை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க, இது என்னத்துக்குள்ளது?"

சங்கிலிமுத்துவுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அது சர்க்ளிப். பிஸ்டனுக்குள் குறுக்கே ஒரு பின் ஓடும். அது நகர்ந்து வெளியே வராமலிருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு சர்க்ளிப் மாட்ட வேண்டும். நான்கு பிஸ்டனுக்கு எட்டு. ஒன்று குறைந்தால், பின் மெல்ல நகர்ந்து சிலிண்டர் சுவரைச் சீவ ஆரம்பிக்கும். பத்து மைலில் சீவலாம், நூறு மைலிலும் சீவலாம். சீவி முடித்தால் வண்டி நிற்கும், நடு ரோட்டில்.

"உபரியா வந்ததா இருக்கும்" என்றார். "மதுரைக் கடையில எட்டுக்கு ஒண்ணு கூடக் குடுத்தாக."

"குடுத்தாகளா?"

கொடுத்த மாதிரியும் இருந்தது. போன வருடம் வேறொரு கடையில் கொடுத்த மாதிரியும் இருந்தது.

"எண்ணித்தான போட்டீக? சீட்ட எடுத்துப் பாருங்க, தெரிஞ்சுட்டுப் போகுது."

சீட்டை எடுத்துப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பதினேழாவது இனம்: சர்க்ளிப் எட்டும் எண்ணி மாட்டப்பட்டது, டிக். அந்த இன்ஜினைப் பிரிப்பதற்கு ஒரு வருடம் முன்பே போட்ட டிக்.

வாசலில் ஹாரன் கேட்டது. வளையத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

அழகுராஜாவின் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. புது ரக வெடி செய்தால், செய்தவன்தான் முதலில் பற்ற வைக்க வேண்டும். அதே சட்டத்தைக் காருக்கும் கொண்டுவந்திருந்தார். "ஏறு சங்கிலி! இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோம். நீ உக்காராம மொதப் பயணம் எப்படி?"

பின்சீட்டில் ஏற்றி, மடியில் நேர்த்திக்கடன் சேவலையும் வைத்துவிட்டார்கள். அதற்குக் கால் கட்டியிருந்தது. இவருக்குக் கட்டவில்லை என்பதைத் தவிர இருவர் நிலைமையிலும் பெரிய வித்தியாசமில்லை. முன்சீட்டில் முதலாளியின் மனைவி பாண்டிமீனா, மடியில் பொங்கல் பானை. கண்ணாடிக்குக் கீழே, லேமினேஷன் செய்து தொங்கவிட்டிருந்தார்கள், அந்தப் பளபளத் தாளை. வண்டி குலுங்கும்போதெல்லாம் நாற்பத்திரண்டு டிக்கும் அவரைப் பார்த்து ஆடின.

"ஊருக்குள்ள எல்லாருக்கும் காமிச்சேன்" என்றார் முதலாளி. "இப்படி எழுதிக் குடுக்க ஒரு ஆம்பள வேணும்ல?"

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதம் மொதலாளி."

சங்கிலிமுத்துவின் உடம்பு முழுவதும் அப்போது காதாக இருந்தது. வால்வு சத்தம் சரி. செயின் சத்தம் சரி. ஊர் எல்லை தாண்டியது. எதிரே லோடு லாரி வந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அரை நிமிடம்தான் அன்றைக்கு அவர் மூச்சு விட்ட நேரம்.

"ஏன் இப்படி வேர்க்குது?" என்று பாண்டிமீனா திரும்பிப் பார்த்தாள். "சேவலு நல்லாத்தான இருக்கு?"

சாத்தூர் தாண்டி, இருக்கன்குடிக்குத் திரும்பியதும் கேட்டது. கிணுக். ஒரு பத்தடி அமைதி. மறுபடியும் கிணுக்.

"நிப்பாட்டுங்க மொதலாளி! ஆஃப் பண்ணுங்க!"

வண்டி வேலிக் கருவேல மரத்தடியில் நின்றது. சங்கிலிமுத்து கையை விரித்தார். உள்ளங்கையில் அந்த வளையம் பதிந்து போயிருந்தது.

"இது ஒண்ணு மிச்சம் இருக்கு. உள்ள எட்டு இருக்கா, ஏழு இருக்கான்னு எனக்குத் தெரியல."

அழகுராஜா வளையத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பதினேழில் விரல் வைத்தார். "எட்டுன்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கு."

"நீதான போட்ட?"

"நான் போடல மொதலாளி. அது அச்சு."

"கையெழுத்து?"

"அதுவும் அச்சு."

சேவல் மட்டும் ஒரு தடவை கொக்கரித்தது. கிணுக் என்ற சத்தம் பொங்கல் பானைக்குள் கிடந்த பித்தளைக் கரண்டியிலிருந்து வந்தது என்பதைப் பாண்டிமீனா அப்போது எடுத்துக் காட்டினாள். அதனால் யாருக்கும் ஆறுதல் இல்லை. ஒரு வேனைப் பிடித்து முதலாளி கொட்டகைவரை காரைக் கட்டி இழுத்து வந்தார். சேவலுக்கு ஒரு வாரம் வாய்தா கிடைத்தது.

மறுநாள் இன்ஜினைப் பிரிக்கும்போது அழகுராஜா நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். கொட்டகைக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். எத்தனை தகரம் என்று எண்ணுகிற பார்வை. நான்கு பிஸ்டனும் வெளியே வந்தன. முதலாளியே குனிந்து எண்ணினார்.

எட்டு.

கையிலிருந்தது ஒன்பதாவது. மதுரைக் கடைக்காரர் கொடுத்த உபரி.

அழகுராஜா தாளை எடுத்துப் பதினேழாவது இனத்தை மறுபடி படித்தார். பிறகு சொன்னார், "சீட்டு பொய் சொல்லலையே சங்கிலி. நீதான் அதச் சந்தேகப்பட்டு என் பயணத்தக் கெடுத்துட்ட." குரலில் கோபம் இல்லை. கண்டுபிடித்தவரின் பணிவு இருந்தது. "எந்த பிரஸ்ஸு?"

"மொதலாளி, அது வந்து… எண்ணாமப் போட்டது. இந்தத் தடவ தப்பிச்சது."

"எண்ணாமலே சரியா இருக்குன்னா, எண்ணி என்னத்துக்கு? எந்த பிரஸ்ஸுன்னு கேட்டேன்."

கொட்டகை நிற்கிற இடத்தின் சொந்தக்காரர் இரண்டாவது தடவை கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னார்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்த சோலையம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டாள். பளபளவென்று, நான்கு கலரில் இருந்தது.

"தண்ணி வாளி நெறஞ்சிருக்கு, டிக். மணல் வாளி, டிக். ரூமுக்கு நாலு பேருக்கு மேல இல்ல, டிக். அடியில எங் கையெழுத்து. அஞ்சாயிரம் வந்து எறங்கியிருக்கு."

"நீ வாளியில கை விட்டுப் பாத்தியா?"

"பாக்கப் போனேன். 'அதான் டிக் விழுந்துருச்சுல்ல, நீ பேக்கிங்ல போய் ஒக்காரு, சீசன் நேரம்'ன்னுட்டாக." செருப்பைக் கழற்றிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "ஒங்க சீட்டும் இதே மாதிரிதானா?"

சங்கிலிமுத்து அந்தத் தாளைக் கையில் எடுத்தார். நாளை வேலைக்குப் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். போகாவிட்டால் ஏன் என்று முதலாளி கேட்பார். கேட்டால் கொட்டகை. வாயை மூடிக்கொண்டார்.

இப்போதும் கொட்டகை அங்கேயேதான் இருக்கிறது, வாடகை இல்லாமல். பளபளத் தாள் இன்னும் தொள்ளாயிரம் சொச்சம் மிச்சம். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு ஆலை வேன் வந்து நிற்கும்போது சங்கிலிமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரம் வந்துவிடுகிறார். ஏறுகிற பெண்களை எண்ணுகிறார். பதினெட்டு. சாயங்காலம் மறுபடியும் வந்து நிற்கிறார். இறங்க இறங்க எண்ணுகிறார், விரலை மடக்கி, உதடு அசைய. பதினொன்றாவதாகச் சோலையம்மாள் இறங்கி எதிரே வந்து நின்றாலும் அவளிடம் பேசுவதில்லை. இன்னும் ஏழு பேர் இறங்க வேண்டியிருக்கிறது.