இருபத்தேழாம் பக்கத்தில் இருந்த காரணம்

ராஜபாளையத்தில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் தையல் கூடத்திலிருந்து நைட்டிகள் ஏன் தாமதமாக வருகின்றன என்று ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார் முதலாளி. என் படிப்பைக் காட்டிவிடும் ஆசையில், வரைபடங்களும் பெரிய சொற்களுமாக முப்பது பக்கம் எழுதினேன்.

தையல் கூடத்தின் தாமதக் கணக்கு மட்டும் இருந்த முதல் பக்கத்தோடு படிப்பதை நிறுத்தியவர், "தையல்லதான் சுணக்கம்னா கூடத்தை மூடிருவோம்" என்றார். எனக்குப் பகீரென்றது.

மறுநாள் கூடத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் ஜெபராணி அக்கா அறிக்கையை வாங்கிப் புரட்டினார்.

"தம்பி, ராஜபாளையத்துல வெட்டின துணி எங்க கைக்கு வாரதே வியாழக்கிழமைதான். சனிக்கிழமைக்குள்ள எம்புட்டுத் தைக்க முடியும்? அதை எங்க எழுதிருக்கீக?"

எழுதியிருந்தேன். இருபத்தேழாம் பக்கத்தில், ஓர் அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில். விரல் வைத்துக் காட்டியபோது வெட்கத்தில் முகம் சுட்டது. அவர் கோபப்படவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஒரே பக்கம் எழுதினேன். "தாமதம் தையலில் இல்லை. துணி பிந்தி வருகிறது. திங்கள்கிழமையே அனுப்பினால் சரியாகிவிடும்." அடுத்த பஸ்ஸில் திரும்பி, தவறு என்னுடையது என்று சொல்லி முதலாளியிடம் நீட்டினேன்.

"இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்லய்யா?" என்றார். "கூடம் இருக்கட்டும். துணியைத் திங்கக்கிழமையே அனுப்பச் சொல்லு."

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து, இனி துணி திங்கள்கிழமையே வரும் என்றேன். தையல் எந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, "சரி தம்பி, நல்லாருங்க" என்றார். அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எளிதாக எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ எனப் பயந்திருந்தேன். அந்தப் பயத்தால் ஒரு கூடமே மூடப்பட இருந்தது.