பனியாற்றுக்குள் போன சிவப்பு

மோர்டன் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் பிளம்பர் ஜெராட் அண்ணை. லண்டனுக்கு வருமுன் நோர்வேயில் பனியாறுகளை ஆராய்பவர்களுக்குச் சுமை தூக்கியவர். கைபேசியில் ஒரு படம் காட்டுகிறார். நீலப் பனியில் கிணறு போல ஒரு துளை. உருகிய ஓடை அதற்குள் விழுகிறது.

“தண்ணி எங்க வெளியில வருதெண்டு பாக்க, இடுப்பில கயிறு கட்டிக்கொண்டு இதுக்குள்ள சிவப்புச் சாயம் ஊத்தினது நான்தான்.”

“உள்ளே போற தண்ணி என்ன ஆகும்?”

“பனியை உருக்கித் தானே வழி எடுக்கும், தம்பி. குளிர்காலத்தில பனியின்ர பாரம் அந்த வழியை நெரிச்சு மூடிப்போடும். கோடையில தண்ணி திரும்பவும் திறக்கும். நாங்கள் போனது கோடைத் தொடக்கம், வழி இன்னும் சரியாத் திறக்கேல்லை. மூண்டு நாள், கீழ பனிக்கு அடியில இருந்து வாற ஆத்தில நிறம் வரேல்லை. சாயம் வீணாப் போச்சு எண்டு எல்லாரும் கைவிட்டிட்டினம். சமைக்க வந்த என்ர மனுசி மட்டும் கரையை விட்டு அசையேல்லை.”

“வந்ததா?”

“ஓம். நாலாம் நாள் விடிய.”

அடுத்த படத்துக்குத் தள்ளுகிறார். மலை உயரப் பனிச்சுவரின் அடியில் ஒரு பெண் சிரித்தபடி நிற்கிறாள். அவளது இரு கைகளிலும் ஏந்திய சிவப்புத் தண்ணீர்.