திரும்பிப் பார்க்காத டிரைவர்

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் அவர் ஒல்லியான ஆள். சட்டைப்பையில் சின்ன பைபிள் இருந்தது. எதிரே வண்டியே இல்லாத ஒரு வளைவில் ஹாரன் அடித்தார். ஏன் என்று கேட்டேன்.

“அந்த வளைவுல இருக்கறது எங்க அம்மா வூடுங்க. ஞானஸ்நானம் எடுத்ததிலேர்ந்து உள்ள சேர்க்கல. கொலசாமி துன்னூற ஒரு தபா பூசிக்கினு வா, போதும்ன்றாங்க. அது என்னால முடியலிங்க. உசுரோட இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியட்டும்னு அடிக்கிறேன்.”

“வெளியே வந்து பார்ப்பாங்களா?”

“நான் திரும்பிப் பாக்கறதில்லீங்க. பாத்தா எறங்கிப் பூசிக்குவேன்.”

மறுநாள் வேறொரு ஜீப்பில் திரும்பினேன். குறுக்கே வந்த ஆட்டுக்காக அதே வளைவில் அதன் டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு அம்மாள் முறத்தோடு வேலிவரை ஓடி வந்தார். ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதை முதல் நாள் டிரைவரிடம் சொல்லலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.