ரட்சிக்கப்பட்ட கூட்டத்தில் இல்லாதவர்

எல்லையூர் நிருபர் என்பவர், எதுவும் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரிந்தவர்போல் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். எழுபதுகளில், பாலக்காடு–பொள்ளாச்சி லைனில் கேரள எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தில் இருந்துகொண்டு, கோவைத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு அந்த வேலையை நான் செய்தேன். வராத ரயிலுக்காக பிளாட்பாரத்தில் நின்று, கேட்ட இடத்திலெல்லாம் வெவ்வேறு பதில் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிப் பதில் சொன்னவர்களில் நானும் ஒருவன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையகல மாநிலம்

கேரளத்தின் தெற்கே மலையைக் குடைந்து போகும் தடத்தில், குகைக்குள் ஒரு பயணிகள் வண்டியின் பார்சல் பெட்டி தீப்பிடித்துக்கொண்டது. தடத்தை மூடிவிட்டார்கள். அங்கே போக வேண்டிய கூட்டமெல்லாம் பாலக்காடு வழியாகச் சுற்றி வந்ததில் எங்கள் சின்ன லைனும் குழம்பியது. காலை வண்டி மாலையில் வந்தது. மாலை வண்டி வந்ததா என்பதில் ஊருக்குள் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

நாளிதழ்க் கட்டும் காலை வண்டியில்தான் வரும். அதனால் தீப்பிடித்த செய்தியே எனக்குக் கோவையிலிருந்து டிரங்க் காலில்தான் வந்தது. குகை இங்கிருந்து ஒரு நாள் பயணம் என்று உதவி ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அசரவில்லை. “கேரளாதானே ஐயா? கையகல ஸ்டேட். சைக்கிள்ல ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துருங்க.”

குதிரைக்குத் தீ

ஸ்டேஷன் பலகையில் மலையாளத்தில் எழுதிப் போட்டார்கள்: ‘துரங்கத்தில் தீ. வண்டிகள் வைகும்.’ குகைக்குள் தீ, வண்டிகள் தாமதமாகும் என்று பொருள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தார். பிறகு என் தோளைத் தொட்டார். “துரங்கம்னா குதிரைங்க. வைகும்னா தங்கும். குதிரைக்குத் தீப்பிடிச்சா வண்டி எதுக்குங்க தங்கோணும்?”

அற்புதத்தின் கவலை

பலகையைப் படிக்காமல் நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் வந்தவர் அற்புதம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. அக்கா வீட்டு விசேஷத்துக்காக இங்கே வந்திருந்தார். கடலோரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்த அவர் கணவர் தங்கராஜ், தீப்பிடித்த அதே வண்டியில் ஏறி, வழியில் மாறி, இங்கே வந்து சேர வேண்டியவர்.

மாஸ்டர் மலையாளி, நல்ல மனிதர். ரேடியோவில் கேட்டதை ஆறுதலாகச் சொன்னார்: “பேடிக்கண்டா. யாத்ரக்காரெல்லாம் ரக்ஷப்பெட்டு.” பயப்பட வேண்டாம், பயணிகள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள் என்றார் அவர். அற்புதத்தின் முகமோ வெளுத்துவிட்டது. ஏனம்மா என்று கேட்டேன். அற்புதம் போகும் கிறிஸ்தவ சபையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: பாவத்தை விட்டு மனந்திரும்புவது; அப்படித் திரும்பியவர் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்வார். “எல்லாரும் ரட்சிக்கப்பட்டவங்கன்னா அந்தக் கூட்டத்துல அவரு இல்லய்யா. அவரு இன்னும் ரட்சிக்கப்படல. குடிக்காரு.”

இல்லாத குகை

அது வேறு ரட்சிப்பு என்று விளக்கினேன். பாதி நம்பினார். “அப்ப அவரு எங்கய்யா?” என்றார். கோவைக்குப் போன் செய்தேன். உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள். பாலக்காட்டுக்குச் செய்தேன், சிலரைக் காணவில்லை என்றார்கள். மறுபடியும் கோவைக்குச் செய்தபோது, அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்றார்கள். அற்புதம் பிளாட்பாரப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி வரும்போதெல்லாம் எழுந்து, கடைசிப் பெட்டிவரை நடந்து, திரும்பி வந்து உட்கார்வார்.

இதற்கிடையில் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பயம் பிடித்தது. தினமும் பொள்ளாச்சிக்கு ரயிலில் பால் கொண்டுபோகும் ஆறுமுகம், கேனைக் கீழே வைத்துவிட்டு ஏற மாட்டேன் என்றார். நம் லைனில் குகையே கிடையாதே என்றேன். தெற்கே தெரிந்த ஆனைமலையைக் கையால் காட்டினார். “மலை இருக்குதுங்களே. எந்த நேரத்துல குடைவானுகன்னு யாருங்க கண்டா?”

சாட்சி

மறுநாள் மத்தியானம், வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முதுகுப் பக்கம், பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து தங்கராஜ் இறங்கினார். கையில் தகரப்பெட்டி. சட்டையில் கரியும் இல்லை, காயமும் இல்லை. அற்புதம் ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தவர் அப்புறம் விடவே இல்லை. “எல்லாரும் தப்பிச்சு வந்தாச்சாம். நீங்க எங்க கெடந்தீங்க?” என்றார்.

தங்கராஜ் என்னையும் மாஸ்டரையும் பார்த்துக் கூச்சப்பட்டார். “வண்டி கெளம்புறப்ப நான் கள்ளுக்கடையில இருந்தேன் அற்புதம். அதுதான் என்னைய ரட்சிச்சுது.”

மாஸ்டருக்கு அந்தச் சொல் மட்டும் புரிந்தது போலிருக்கிறது, சந்தோஷமாகத் தலையாட்டினார். அற்புதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தகரப்பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நாலடி நடந்தபின் திரும்பினார். “இதப் போயி சபையில சாட்சின்னு எந்திரிச்சுச் சொல்லிராதீங்க.”

தீயில் தப்பிய ஒருவரின் பேட்டி உடனே வேண்டும் என்று அன்று மாலை கோவையிலிருந்து கேட்டார்கள். என் கைவசம் இருந்தவரோ வண்டியில் தப்பியவர் அல்ல, வண்டியையே தப்பவிட்டவர்.