அண்டாவில் ஊற்றாத கூழ்

அண்ணா, உன் பேரை இங்கே எழுதவில்லை. அது அம்மா ஊர்ப் பேர். பேரைக் கேட்டதுமே முகத்தை உற்றுப் பார்ப்பார்கள், அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்பா லாரியில் அசாமுக்கும் அப்பால் லோடு ஏற்றிப் போனவர். அங்கேதான் அம்மாவைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கம் காவாந்தண்டலத்துக்கு வந்தார். நான் அப்பா ஜாடை. உனக்கு அம்மாவின் கண்ணு, அம்மாவின் மூக்கு. சின்ன வயசிலேயே உன்னை ‘சைனா’ என்று கூப்பிடுவார்கள். நீயும் சிரிப்பாய். கொரோனா வந்த பிறகு அந்தப் பேரை யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அந்த ஆடியில் கோயில் விழா வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்த்தோம். வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி வந்து கோயில் வாசலில் இருக்கும் அண்டாவில் ஊற்றுவோம். எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகுதான் அம்மனுக்குப் படைத்துத் தெருவுக்கு ஊற்றுவார்கள். நம் வீட்டுக் கூழை நீதான் துடுப்பு போட்டுக் கிளறினாய். ஒரு குண்டான் உன் தலையில், ஒரு குண்டான் என் இடுப்பில். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தன் உன்னைத் தடுத்தான்.

"டேய் சைனா, அங்கியே நில்லுடா. நீ ஊத்தினா தெருவுக்கே நோவு வந்துடும்."

"இன்னாண்ணா, நானும் இங்கதான பொறந்தேன்?"

"பொறந்த சரி. மூஞ்சி எங்க பொறந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்டாவில் கரண்டி பிடித்திருந்தவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மே, இதுவும் அவன் கை பட்டதா?"

"இல்ல மாமா. இது நான் தனியா காச்சினது. அவன் தொடவே இல்ல."

என் கூழை அண்டாவில் ஊற்றினார்கள். நீ உன்னுடையதை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அப்புறம் முகம் தெரியக்கூடாது என்று நெல் மில்லுக்குள்ளேகூட ஹெல்மெட்டைக் கழற்றமாட்டாய்.

அடுத்த மாசம் உனக்குக் காய்ச்சல் வந்தது.

"ஆசுபத்திரிக்குப் போலாம்ணா."

"போனா, ‘வந்துச்சு பார் சைனா நோவு’ம்பானுங்க. தெருவத் தகரம் வெச்சி அடைச்சிடுவானுங்க. அம்மாவ இன்னா பண்ணுவானுங்களோ. யாராண்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. நீ முனகுவது வெளியே கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்தேன். நெற்றியில் போட்ட ஈரத்துணியை வெளியே காயப்போடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னாடி, ஒங்கண்ணனக் காணோமே?" என்று கேட்டாள். "தென்னேரிக்கு வேலைக்குப் போயிக்கிறான்க்கா" என்றேன். உள்ளே நீ துணியைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாய்.

நாலாம் நாள் காலையில் சூடு இறங்கியது. அம்மா அழுதுகொண்டே சாமி கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் உன் கை கால் ஜில்லென்று ஆனது. ஆட்டோவில் காஞ்சிபுரம் போகும் வழியிலேயே என் மடியில் உன் தலை சாய்ந்துவிட்டது.

அப்புறம்தான் ஆசுபத்திரியில் சோதித்துச் சொன்னார்கள். கொரோனா இல்லையாம். டெங்குவாம். "ரெண்டு நாள் முன்னாடி கூட்டிக்கினு வந்திருக்கலாமேம்மா" என்றார் நர்ஸ். அதைக் கேட்டு அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

இப்போது எனக்கு ஒரு மகன். உன் கண்ணேதான். அடுத்த மாசம் பால்வாடியில் விடவேண்டும். போன வாரம் பெருநகர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு அம்மா அவன் தாடையைப் பிடித்து, "இன்னாடி இது, சைனா பொம்ம கணக்கா கீது?" என்று சிரித்தாள். அவன் முகத்தை முந்தானையால் மூடத்தான் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

"எங்கண்ணன் ஜாடைம்மா" என்றேன். சொல்லிவிட்டேன் அண்ணா.

இருந்தாலும் தினமும் காலையில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். லேசாகச் சுட்டாலும் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் சாமி எதுவானாலும் சரி, எங்கள் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்திலாவது யாரும் அவன் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்காமல் இருக்கட்டும்.