கிராம்புத் தைலமும் ஈரத்துணியும்

அன்று வீட்டில் இருந்தது மூன்று பேர்: நான், என் அக்கா, அவளுடைய ஏழு மாத ஆண் குழந்தை. அப்பாவும் அம்மாவும் ஆனைமலைப் பக்கம் ஒரு சீருக்காக விடியற்காலை பஸ்ஸிலேயே போயிருந்தார்கள். மச்சான் உடும்பஞ்சோலையில், ஏலக்காய் ஸ்டோர் வேலையில் இருந்தார். எழுபத்தைந்தாம் வருஷம், மாசி மாதம். கொல்லங்கோட்டுக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டத்துச் சாளை. பக்கத்தில் வேறு வீடு கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கடிதம், கரண்ட் பில், பூச்சிமருந்து டப்பா, எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். அதனால் எனக்கு என்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அப்போது பிரீடிகிரி இரண்டாம் வருஷம். பரீட்சைக்குப் பத்து நாள்தான் பாக்கி.

குழந்தைக்குக் கீழ் ஈறில் பல் முளைத்துக்கொண்டிருந்தது. நாலு நாளாக ஒரே அழுகை. வாயிலிருந்து எச்சில் வடிந்து கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் கடித்தான். அக்கா ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கொதிக்கவைத்துத் துவைத்து, ஆறின தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மண்பானையின் கழுத்தோடு சுற்றி வைப்பாள். அது சில்லென்று ஆனதும் ஒரு நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு மறு நுனியைப் பிள்ளையின் வாயில் கொடுப்பாள். அவன் ஈறால் அழுத்தி அழுத்திக் கடிப்பான். கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு மறுபடியும் அழுவான். உடும்பஞ்சோலையில் காய் பொறுக்கும் பெண்கள் சொல்லிக்கொடுத்ததாம்.

"துணியெல்லாம் வாயில வெக்காதக்கா. அது மலங்காட்டு வைத்தியம்" என்றேன்.

"ஆமாடா, நீ படிச்ச வைத்தியம் இருந்தா வெய்யி" என்றவள், பிள்ளையிடம் திரும்பி, "மாமன் பரீச்சைக்குப் படிக்கறானாம் சாமி. நீ அழுது அவனப் பெயிலாக்கீராத" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

முந்தின மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்வலி வந்தபோது, கொல்லங்கோட்டில் ஒரு குப்பி கிராம்புத் தைலம் வாங்கியிருந்தேன். பஞ்சில் நனைத்து வைத்ததும் வலி மரத்துப்போய்விட்டது. அந்தக் குப்பி புத்தக அலமாரியில் இருந்தது. எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பல்வலிக்கும் ஈறு வலிக்கும் நல்லது என்று போட்டிருந்தது. குழந்தைக்குத் தடவலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. எழுதாமல் விட்ட இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன். என் பல்லும் பல்தான், அவன் பல்லும் பல்தான் என்பது அப்போது என் கணக்கு. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பிள்ளைக்கு வலி அடங்கவேண்டும் என்பதைவிட, சத்தம் அடங்கவேண்டும் என்பதுதான் மனதில் முன்னால் நின்றது.

"இதுல போட்டிருக்குதுக்கா. ஈறு வலிக்குத்தான்" என்று சீட்டைக் காட்டினேன். அவள் அந்த எழுத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

பஞ்சில் நனைத்து ஈறு முழுக்கத் தடவினேன். துடித்துக் கத்தினான். எரிச்சல் கொஞ்ச நேரந்தான் என்று சொல்லி இரண்டாம் முறையும் தடவினேன். மூன்றாம் முறை அவன் கையை வீசியதில் குப்பி சாய்ந்து, கொஞ்சம் வாய்க்குள்ளேயே போய்விட்டது. துடைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அழுகை நின்றது. கண் சொக்கிப் படுத்தான்.

"பாத்தியா?" என்றேன். அக்காவும் தலையாட்டினாள். நான் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். நாலு நாளில் அன்றுதான் ஒரு பக்கம் முழுதாகப் படித்தேன்.

அடுத்த பக்கம் திருப்புவதற்குள் அக்கா கூப்பிட்டாள். பால் கொடுக்க எடுத்திருக்கிறாள்; அவன் சப்பவில்லை. வாயில் போன பால் கடைவாய் வழியாக ஒழுகியது. திடீரென்று புரையேறி மூச்சு நின்றது. உதடு நீலமானது. அக்கா அவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். மூச்சு திரும்பியது. ஆனால் பிள்ளை துவண்டு கிடந்தான், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை.

ரோட்டுக்கு ஓடினோம். குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கையைக் காட்டுவதற்கு முன்பே டிரைவர் நிறுத்திவிட்டார்.

"ஏனுங் தம்பி, கொழந்தைக்கு என்னாச்சு?"

"பல்லு மொளைக்குதுங்க" என்றேன்.

அவர் ஒரு பார்வை பார்த்தார். "என்ற ஊட்ல நாலு பேத்துக்குப் பல்லு மொளச்சிருக்குது. இப்பிடிக் கண்ணு சொருகி நான் பாத்ததில்ல. ஏறுங்க. அம்மிணி, புள்ளயத் தூங்க உடாதீங்க, பேசீட்டே வாங்க."

வழியெல்லாம் ஹாரனிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. அக்கா பிள்ளையின் காதோடு பேசிக்கொண்டே வந்தாள்.

கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் நர்சு ஒருவர் பிள்ளையை வாங்கிப் படுக்கவைத்தார், மலையாளிப் பெண். "எந்தா கொடுத்தது குட்டிக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலீங்க. பல்லு மொளைக்குது" என்றாள் அக்கா. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ரோட்டில் நான் சொன்ன அதே பொய்.

நர்சு குனிந்து பிள்ளையின் வாயை முகர்ந்தார். நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "மறைக்காம பறயணும். இல்லேன்னா டாக்டர் என்ன செய்யும்?"

பையிலிருந்த குப்பியை எடுத்து நீட்டினேன். எத்தனை முறை தடவினேன், எவ்வளவு உள்ளே போயிருக்கும், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். திட்டவில்லை. "சொன்னது நல்லதாச்சு" என்றார், அவ்வளவுதான். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்து, மூக்கருகே பிராணவாயுக் குழாயை வைத்தார்கள். சாயங்காலம் வரை பார்க்கவேண்டும் என்றார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரரைத் தேடிப் போனபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நாலு நாளாக எந்த அழுகை நிற்காதா என்று இருந்தேனோ, அந்த அழுகைக்காக நாலு மணி வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மேல் வந்தது. முதலில் சிணுங்கல், பிறகு பழையபடி பெரிய கத்தல். நான் உள்ளே ஓடியபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, இனி வலித்தால் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். கையை நன்றாகக் கழுவி விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிட வேண்டும், எச்சிலை அடிக்கடி ஒற்றி எடுக்கவேண்டும் என்றார் நர்சு. பிறகு, "சுத்தமான துணி நனைச்சு, தணுப்பா, சில்லுன்னு ஆக்கி, கடிக்கக் கொடுத்தா மதி, அது போதும். கையில பிடிச்சிட்டே இருக்கணும்" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "செரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸிலும் அவன் அழுதான். பழக்கத்தில் நான் உஸ் என்றேன். "அழுவட்டும் உடுடா. பரீச்சை இன்னொருக்கா எழுதிக்கலாம்" என்றாள் அக்கா. அப்பா அம்மாவிடம் பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல் என்று சொல்லி முடித்துக்கொண்டாள். நடந்ததை இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்வது இதுதான் முதல் தடவை. அந்த வாரமே பல் வெளியே வந்தது, அரிசி நுனி மாதிரி.

இப்போதும் வீட்டில் யாராவது ஒரு சீட்டை நீட்டிப் படிக்கச் சொன்னால், எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று கூடவே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டதற்கு, ஆஸ்பத்திரியும் லாரிக்காரரும் ஒன்றும் வாங்காமல் போக, தைலமும் திரும்பி வந்த பஸ்ஸும் சேர்ந்து எங்களுக்கு ஆன செலவு இரண்டேகால் ரூபாய்.