கழுத்தில் தொங்கிய பூட்டு

ஆவணி, முதல் திங்கள், காலை. பாலையூற்று வீட்டில் பழைய கணினி இயக்கப்பட்டது. திரையில் வந்த செய்தி: "பூட்டு காணப்படவில்லை." நிரல் மூடிக்கொண்டது. கிண்ணியாவிலிருந்து திருத்துநர் வந்தார். மாலையில் திரும்பிப் போனார்.

நடந்தது இவ்வளவுதான் நண்பரே. ஆனால் பெட்டியிலிருந்து எழுந்த சூடேறிய தூசியின் மணம் என்னைத் துறைமுகத் தெருவுக்கு இழுத்துப் போயிற்று. அங்கே நானும் மனைவியும் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் நிலையம் நடத்தினோம். பதினொரு கணினிகள், உப்புக்காற்றில் நாள்தோறும் ஏதாவதொன்று படுத்துக்கொள்ளும். எழுப்புவது என் வேலை. நான் பெற்ற பட்டங்கள் யாவும் செப்பு முனைகளை அழிறப்பரால் துடைக்கவே பயன்பட்டன.

தமிழ்ப் பக்கம் அமைக்கும் நிரலோடு கொழும்புக்காரர் ஒரு பூட்டுத் தந்தார்கள்: கணினியின் பின்னால் செருகும், பெருவிரலளவு கறுப்புப் பிளாஸ்ரிக். அது செருகிய கணினியில் மட்டுமே நிரல் திறக்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்கும் ஏற்பாடு. தொலைந்தால் வேறில்லை என்பதால் மனைவி அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, பூட்டு!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும்.

"பொறுங்கோ, வாறன். கழுத்தையும் சேத்துக் கழட்டித் தரட்டோ?"

நிலையத்தை மூடியபின் ஒரு கணினி வீட்டுக்கு வந்தது. பூட்டு அவள் கழுத்திலேயே வந்தது. நோயிலும் அதில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் பற்றித்தான். கேட்டால், "முடியட்டும், பிறகு வாசியுங்கோ" என்பாள்.

அவள் போன அன்று கந்தளாயிலிருந்து வந்த அவள் தங்கை உடலைக் குளிப்பாட்டினாள். தாலிக்கொடி, தோடு, காப்பு யாவற்றையும் கைலேஞ்சியில் முடிந்து தந்தாள். "ஒண்டும் விடுபடேல்லை அத்தான், வடிவாப் பாருங்கோ." பார்த்தேன். பொன் எதுவும் விடுபடவில்லை.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியையன்று தங்கையே சொன்னாள்: "அக்காவின்ர கழுத்தில கிடந்த கோயில் நேர்த்திக் கயிற்றை மட்டும் கழட்டேல்லை. அது அவவோடயே போகட்டுமெண்டு விட்டனான்."

நான் தலையசைத்தேன்.

இவ்வளவும் தெரிந்தே அன்று கணினியை இயக்கினேன். திருத்துநர் நெடுநேரம் முயன்றார். "எழுதினது பத்திரமா இரிக்கி சேர். பூட்டில்லாமத் தொறக்க ஏலாது. செஞ்ச ஆக்களும் இப்ப இல்ல." பிறகு, என் முகத்தைப் பாராமல், "டவுன்ல எல்லாரும் உடைச்ச பிரதிதான் வெச்சிருந்த. நீங்க மட்டுந்தான் ஒழுங்கா வாங்கின ஆள். அதுதான் கரைச்சல்" என்றார்.

நிலையம் இருந்த இடத்தில் இன்று கைபேசிக் கடை. கொழும்பு நிறுவனம் எப்போதோ மறைந்தது. எங்கள் நிரலைத் திருட ஒருவரும் வரவில்லை. அந்தப் பூட்டு தடுத்த ஒரே ஆள் நான்.

இன்னும் செய்யாதவை:

கணினியை யாருக்காவது கொடுத்துவிடுவது.
அது நேர்த்திக் கயிறல்ல என்று தங்கையிடம் சொல்வது.
வாசிப்பது.